ஒரு சிறு குன்றும் ஒரு பொதுப்பாதையும்

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த பிரதேசம் ஒன்று உண்டு. "ஏரி மாவட்டம்" என்றே அதனை அழைக்கிறார்கள். அங்கே கெஸ்விக் என்னும் சிறு பட்டினத்தை ஒட்டி லற்றிக் என்ற குன்று நிற்கிறது. உயரம் 368 மீற்றர் மட்டுமே. பின்னால் நிற்கும் ஸ்கிடோ மலையோ 931 மீற்றர். ஆகவே பெரிய மலை ஏற முடியாதவர்களுக்கு இது ஏற்ற குன்று.

பழைய புகையிரத நிலையத்தின் அருகிலிருந்து நடக்கத் தொடங்கலாம். அங்கே புகையிரதம் ஓடுவது 1972இல் நின்றுவிட்டது. சிறிது தூரத்தில் ஸ்பூனி கிரீன் ஒழுங்கை வருகிறது. ஒழுங்கை ஒரு பாலத்தால் பெருந்தெருவைக் கடந்து, மரங்களுக்கிடையே மெல்ல மெல்ல மேலேறுகிறது. வழியில் வேலிகளும் படலைகளும் உண்டு. சில படலைகள் ஆள் நுழையவும் ஆடு நுழையாதிருக்கவும் ஏற்ற விதமாக அமைக்கப்பட்டவை. நடப்பவனுக்கு வழி கிடைக்கிறது; கமக்காரனின் மந்தையும் வெளியேறுவதில்லை.

உச்சி வெறும் புல்வெளி. அங்கே செம்மறிகள் மேய்கின்றன. தெற்கே டேர்வென்ற் ஏரியும் அதன் தீவுகளும், கீழே பட்டினத்துக் கூரைகளும், வடமேற்கே பாசென்துவெயிற் ஏரியும் தெரிகின்றன. பார்ப்பதற்கு இனிய காட்சி. ஆனால் இக்காட்சியைக் காண எல்லோருக்கும் எப்போதும் இடமிருந்ததில்லை.

ஊர் மக்கள் நெடுங்காலம் நடந்து வந்த இப்பாதை 1880களில் அடைக்கப்பட்டது. காணி தனியாருடையது, அவர்களிடம் உறுதியும் இருந்தது. மக்களிடம் இருந்ததோ நடந்த வழக்கம் மட்டுமே. அவர்கள் முதலில் செய்தது ஒன்றுகூடியதுதான். பாதைகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அவ்வூரின் குரொஸ்துவெயிற் பங்கில் 1883 முதல் பணியாற்றிய அங்கிலிக்கன் குருவானவர் ஹார்ட்விக் றோன்ஸ்லி அதன் தலைவரானார். வழிகாட்டி நூல்கள் எழுதிய ஹென்றி ஜெங்கின்சன் செயலாளரானார். 1887 ஒக்டோபரில் ஏறத்தாழ 2000 பேர் ஒன்றாகத் திரண்டு, தடைகளை அகற்றிக்கொண்டு குன்றின் உச்சிவரை நடந்தார்கள்.

விவகாரம் நீதிமன்றம் சென்றது. 1888இல் இணக்கம் ஏற்பட்டது. உச்சிக்குச் செல்லும் ஒழுங்கை பொதுப்பாதையென ஏற்கப்பட்டது. சங்கம் கேட்ட மற்றொரு பாதை கிடைக்கவில்லை. கேட்டது முழுவதும் கைக்கு வராவிட்டாலும், முக்கியமானது வந்தது. காணி உரிமையாளருடையதாகவே இருந்தது, வழி எல்லோருடையதுமானது. உடைமை வேறு, வழியுரிமை வேறு என்பதை இதனால் நாம் விளங்கிக்கொள்ளலாம்.

றோன்ஸ்லி அத்துடன் நின்றுவிடவில்லை. 1895இல் ஒக்ரேவியா ஹில், றொபேட் ஹன்ரர் ஆகியோருடன் சேர்ந்து "நஷனல் ட்ரஸ்ட்" என்னும் அமைப்பை நிறுவினார். இயற்கை வனப்புள்ள இடங்களையும் பழைய கட்டடங்களையும் பொதுமக்களுக்காகப் பாதுகாப்பதே அதன் நோக்கம். பொதுமக்கள் கொடுத்த நன்கொடைகளைக் கொண்டு டேர்வென்ற் ஏரியின் மேற்குக் கரையில் பிரான்டில்ஹோ என்ற காணியை 1902இல் அது வாங்கியது.

இன்றைய ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரு வழியை மக்கள் இரகசியமாகவோ பலவந்தமாகவோ அல்லாமல், எவருடைய அனுமதியையும் கேட்காமல், 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தினால் அது பொதுவழியாகக் கருதப்படலாம். அதற்குச் சான்று யார்? நடந்தவர்களே. எந்த ஆண்டிலிருந்து நடந்தோம், எங்கே படலை இருந்தது, எவர் மறித்தார் என்று முதியவர்கள் சொல்லும் சாட்சியம் பழைய வரைபடத்தோடு சேர்த்து நிறுக்கப்படுகிறது.

அது அந்நாட்டுச் சட்டம். எனினும் தம் ஊர்ப் பாதையில் கால்வைத்துப் பல ஆண்டுகளான குடும்பங்களுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. வயலுக்கும் குளத்துக்கும் கோயிலுக்கும் போன ஒழுங்கைகள் எவை, எந்த மரத்தடியில் திரும்பின, யாருடைய வேலியோரம் சென்றன என்பதெல்லாம் இப்போது பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. மாலை வேளையில் அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு படம் கீறி, பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதி வையுங்கள். பாதை காட்டிலே மறைந்துபோனாலும், தாளிலே இருக்கட்டும்.

லற்றிக் குன்றின் பின்புறத்தில் இப்போது நடக்க இயலாதவர்களும் சக்கர நாற்காலியில் செல்லக்கூடிய பாதை ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. அன்று 2000 பேர் திறந்த குன்றுக்கு இன்று அவர்களும் போகிறார்கள்.