டூரிஸ்ட் ஃபேமிலி: அடைக்கலம் தேடி வந்தவரும் அடுத்த வீட்டுக்காரரும்

2025 மே 1 அன்று வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ படத்தை நம் வீடுகளிலும் பலர் பார்த்திருப்பீர்கள். தியேட்டருக்குப் போகாதவர்கள் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். ஆலிமுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரையும் படம் பார்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. பாட்டும் இசையும் பற்றிய மார்க்கச் சட்டம் தனி விஷயம். ஆனால் நம் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து, “அத்தா, அவங்களை ஏன் போலீஸ் தேடுது? அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?” என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

கதை இதுதான்

அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர் இயக்கிய முதல் படம் இது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வாழ வழியில்லாமல், ஒரு தமிழ்க் குடும்பம் இரவோடு இரவாகப் படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வருகிறது. தந்தையாக சசிகுமார், தாயாக சிம்ரன், கூடவே இரண்டு மகன்கள். கரையில் பிடித்த காவலரே மனமிரங்கி விட்டுவிடுகிறார். சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறார்கள். வீட்டு உரிமையாளரே ஒரு போலீஸ் அதிகாரி! “யாரிடமும் பேசாதீர்கள், பேசினால் உங்கள் இலங்கைத் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும்” என்று உறவினர் எச்சரிக்கிறார். ஆனால் அந்தத் தந்தையால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒருவரை ஒருவர் முகம் பார்க்காமல் வாழ்ந்த அந்தத் தெருவில், வயதான ஓர் அம்மா இறந்தபோது முன்னால் நின்று எல்லோரையும் கூட்டுவது நேற்று வந்த அந்த மனிதர்தான். இதற்கிடையில் ஒரு குண்டுவெடிப்பு நடக்க, சந்தேகம் இவர்கள் மேல் விழுகிறது. போலீஸ் தேடி வரும்போது அந்தத் தெருவே இலங்கைத் தமிழ் பேசுகிறது. யார் இலங்கைக்காரர் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது.

பின்லாந்தைச் சேர்ந்த இயக்குநர் அகி கவுரிஸ்மாகி 2011-இல் எடுத்த ‘லெ ஹாவ்ர்’ என்ற படமும் இதே வகைதான். பிரான்ஸின் துறைமுக நகரமான லெ ஹாவ்ரில், கப்பல் கண்டெய்னரில் ஒளிந்து வந்த ஆப்பிரிக்கச் சிறுவனைச் செருப்புக்குப் பாலிஷ் போடும் ஓர் ஏழைக் கிழவர் மறைத்து வைக்கிறார். காய்கறிக் கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரம்மாவும் உதவுகிறார்கள். சிறுவனின் தாத்தாவைப் பார்க்கத் தடுப்பு முகாமுக்குப் போகும் அந்த வெள்ளைக்காரக் கிழவர், “நான் அவருடைய தம்பி, பிறவியிலேயே வெளுத்தவன்” என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்கிறார். கடைசியில் சிறுவன் ஒளிந்திருக்கும் படகின் மூடியைத் திறந்து பார்க்கும் காவல் அதிகாரி, அதை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, உள்ளே யாருமில்லை என்கிறார்.

யாரும் வாய்விட்டு அழுவதில்லை, யாரும் உபதேசம் செய்வதில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நல்லது செய்கிறார்கள். பார்க்கும் நமக்குத்தான் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

விளக்கை அணைத்த வீடு

இந்த வகைச் சிரிப்பு நமக்குப் புதிதல்ல. ஸஹீஹ் புகாரியில் வரும் ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். பசியோடு ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். நபியவர்களின் வீடுகளில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஓர் அன்ஸாரித் தோழர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே பிள்ளைகளுக்கு வைத்திருந்த உணவு மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, விளக்கைச் சரி செய்வதுபோல் எழுந்து அதை அணைத்துவிடுகிறார் அந்தத் தாய். இருட்டில் கணவனும் மனைவியும் சாப்பிடுவதுபோல் பாவனை செய்கிறார்கள். விருந்தாளி நிம்மதியாக உண்கிறார். மறுநாள் காலையில் நபியவர்கள், நேற்றிரவு உங்கள் இருவரின் செயலைக் கண்டு அல்லாஹ் சிரித்தான், அல்லது வியந்தான் என்று சொன்னதாக அறிவிப்பில் வருகிறது. தாங்கள் தேவையுடையோராக இருந்தும் பிறருக்கு முன்னுரிமை கொடுப்போரைப் புகழும் சூரத்துல் ஹஷ்ரின் 9-வது வசனம் இதையொட்டியே இறங்கியது.

வெறும் வாயை மெல்லும் அந்த நாடகம் எதற்காக? விருந்தாளிக்குக் கூச்சம் வரக்கூடாது என்பதற்காக. உணவு கொடுப்பது ஒரு நன்மை. வாங்குபவன் தலைகுனியாமல் கொடுப்பது அதைவிடப் பெரிய நன்மை. படத்தில் அந்தத் தெரு மக்கள் இலங்கைத் தமிழ் பேசியதும், அந்தக் கிழவர் ‘வெளுத்த தம்பி’ ஆனதும் இதே ஜாதிதான்.

அபிசீனியாவின் நீதி

நம் உம்மத்தின் முதல் ஹிஜ்ரத் மதீனாவுக்கு அல்ல, அபிசீனியாவுக்கு. நுபுவ்வத்தின் 5-வது ஆண்டு, கி.பி. 615 வாக்கில், மக்காவின் கொடுமை தாங்காத முஸ்லிம்கள் செங்கடலைக் கடந்து ஒரு கிறிஸ்தவ மன்னரின் நாட்டுக்குப் போனார்கள். அங்கே எந்த அநியாயமும் செய்யாத அரசர் இருக்கிறார் என்று நபியவர்களே வழிகாட்டினார்கள். குறைஷிகள் பரிசுப் பொருட்களோடு ஆள் அனுப்பி, இவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்டார்கள். நஜ்ஜாஷி மன்னர் உடனே ஒப்படைத்துவிடவில்லை. வந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார், ஜஅஃபர் (ரலி) அவர்களின் பேச்சைக் கேட்டார், பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது விசாரணை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளவும் இல்லை, விரட்டவும் இல்லை. வந்தவன் வாயிலிருந்தே அவன் கதையைக் கேட்டார். சூரத்துத் தவ்பாவின் 6-வது வசனமும், எதிரணியில் இருக்கும் இணைவைப்பவரே அடைக்கலம் கேட்டாலும் கொடுத்து, பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிடச் சொல்கிறது. அடைக்கலத்துக்கு மதம் நிபந்தனை இல்லை.

படம் சொல்லாத சட்டம்

படம் சிரிப்போடு முடிகிறது. வாழ்க்கை அப்படி முடிவதில்லை. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் ‘அகதி’ என்று தனிப் பிரிவே கிடையாது. வந்தவர் வெளிநாட்டவர், அவ்வளவுதான். படம் ஓடிக்கொண்டிருந்த அதே மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், எல்லா நாட்டவரையும் ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கருத்துச் சொன்னது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. 2022 நெருக்கடிக்குப் பிறகு படகில் வந்து மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டவர்கள், அதாவது இந்தப் படத்தின் குடும்பத்தைப் போன்றவர்கள், அந்தத் தேதிக்கு வெளியே நிற்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். இலங்கைத் தமிழ் இந்துவும் அதில் இல்லை, பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிமும் இல்லை. சென்னைக்கு அருகே கேளம்பாக்கத்தில், புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தில் 2012 முதல் வாழும் ரோஹிங்கியாக் குடும்பங்களும், நம் கிருஷ்ணகிரி மாவட்டம் உட்பட மாநிலமெங்கும் உள்ள மறுவாழ்வு முகாம்களில் வாழும் ஈழத் தமிழர்களும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில்தான் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களின் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, வீடு, கல்வி, உதவித்தொகைக்காக 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஆனால் முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து முடித்த பிள்ளைக்கும் குடியுரிமை இன்னும் கைக்கு எட்டவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதிவில்லாத வெளிநாட்டவரை வீட்டில் மறைத்து வைப்பது சட்டப்படி குற்றம். படத்தில் வருவதுபோல் நடப்பது அவர்களையும் நம்மையும் ஆபத்தில் தள்ளும். முறையாகப் பதிவு செய்ய உதவுவதும், வழக்கறிஞரிடம் அழைத்துப் போவதும்தான் உண்மையான உதவி.

முதல் வாரமும் இருபதாவது வருடமும்

அகதி வாழ்க்கை நம் சமுதாயத்துக்கும் தெரிந்ததுதான். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார் உள்ளிட்ட வடமாகாணத்தின் முஸ்லிம்கள் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டார்கள், சோறு ஆக்கிப் போட்டார்கள். ஆனால் வருடங்கள் ஓட ஓட, பள்ளிக்கூட இடத்துக்கும் வேலைக்கும் தண்ணீருக்கும் போட்டி வந்தது, மனக்கசப்பும் வந்தது.

முதல் வாரத்தில் இரக்கம் எளிது, இருபதாவது வருடத்தில்தான் சோதனை. அதனால்தான் மதீனாவில் நபியவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் வெறும் உணர்ச்சியில் விடாமல், ஆளுக்கு ஆள் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) துஆ செய்துவிட்டுக் கேட்டது, கடைவீதி எங்கே இருக்கிறது என்றுதான். அகதிக்கு முதலில் வேண்டியது சோறு, பிறகு வேண்டியது வேலை. படத்தில் அந்தத் தந்தை ஓட்டுநர் வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் குடும்பம் நிமிர்கிறது.

நம் தெருவில்

பாரூர் ஏரிக்கரையிலிருந்து ஓசூர் சிப்காட் வரை, தமிழும் உருதும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் பகுதி நம்முடையது. இங்கே பேச்சை வைத்து ஆளை ஒதுக்குவதற்கு நமக்கு என்ன உரிமை? ஆனாலும் பீகார், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளிகளை ‘வடக்கன்’ என்கிறோம். அவர்கள் அகதிகள் அல்ல, இந்நாட்டுக் குடிமக்கள். வங்காள மொழி பேசினாலே ‘பங்களாதேஷ்காரன்’ என்ற சந்தேகம் வேறு. பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லும் நகரங்களைப் பற்றி நாம் புலம்புகிறோம். நம் வீட்டு மாடி காலியாக இருக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் உடனே செய்யக்கூடியவை சில. ஆவணங்களைச் சரிபார்த்து, காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, வெளிமாநிலக் குடும்பங்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கலாம். அவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க ஓர் இளைஞரை அனுப்பலாம். முகாம் மாணவர்களின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஸதகா ஒதுக்கலாம், அவர்கள் எந்த மதமானாலும். ஆளில்லாத தொழிலாளி இங்கே வஃபாத்தானால், ஊரார் மையித்தைப் போலவே குளிப்பாட்டி, கஃபனிட்டு, நம் கபரஸ்தானில் அடக்கலாம். ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் தினமும் பார்க்காத முகம் ஒன்று நின்றால், தொழுகை முடிந்ததும் ஸலாம் சொல்லி, எந்த ஊர் என்று கேட்கலாம். விசாரிப்பதற்கு அல்ல, விருந்துக்கு அழைப்பதற்கு.

அந்த விளக்கை அணைத்த தாய்க்குப் பெரிய வசதி இருக்கவில்லை. இருந்தது ஒரு வேளைச் சோறும், வந்தவரின் மானத்தைக் காக்கும் அக்கறையும்தான். அந்த அக்கறையை அல்லாஹ் நம் வீடுகளுக்கும் தருவானாக. ஆமீன்.