பேர் தெரியாத பேய் இசையைக் கண்டுபிடிப்பது எப்படி?

"வெஸ்டர்ன் கிளாசிக்கல் மியூசிக் ஒண்ணு. கேட்டா பயமா இருக்கும். வயலின் வரும். என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்." இப்படி யாராவது கேட்டால் நான் முதலில் பாடிக் காட்டச் சொல்வதில்லை. மெட்டை வைத்துத் தேடுவதில் சில சிக்கல்கள் இருக்கின்றன.

ஷஸாம் ஒலிப்பதிவின் கைரேகையைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதே பதிவு ஒலிக்கணும், நம்ம தொண்டை உதவாது. 2020-ல் கூகிள் கொண்டுவந்த ஹம் பண்ணித் தேடும் வசதி பரவாயில்லை. ஆனால் இதெல்லாம் வருவதற்கு முன்பே இதற்கு வழி யோசித்தவர்கள் உண்டு. டெனிஸ் பார்சன்ஸ் 1975-ல் ஒரு மெட்டு அகராதி போட்டார். சுரம் எது, தாளம் எதுன்னு எதுவும் தெரிய வேண்டாம். அடுத்த சுரம் மேலே போகுதா, கீழே போகுதா, அங்கேயே நிக்குதா, அவ்வளவுதான். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் ஆரம்பம் 'நில், நில், கீழ்'. தரவைச் சுருக்குவதில் இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

பேய் இசையில் மட்டும் இது காலை வாரும். காரணம், 'டீயெஸ் ஈரே' என்ற 13-ஆம் நூற்றாண்டு லத்தீன் மரணப் பாட்டு. நம்ம சுரத்தில் சொன்னால் 'க ரி க ச ரி நி ச ச', எல்லாம் கரகரப்ரியா சுரங்கள். இதன் முதல் நாலு சுரத்தை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள். பெர்லியோஸ் 1830-ல் சூனியக்காரிகளின் கூத்துக்கு நடுவே மணியோசையோடு வைத்தார். லிஸ்ட் 'டோட்டன்டான்ஸ்' முழுக்க அதன் மேலேயே கட்டினார். ராக்மனினோவ் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். 1980-ல் வந்த 'தி ஷைனிங்' படத்தின் தொடக்கத்தில் சின்தசைசரில் வருவதும் அதேதான். 'கீழ், மேல், கீழ்' என்று தேடினால் ஊரே வந்து நிக்கும்.

அதனால் நான் கேட்பது மெட்டை அல்ல, சம்பவங்களை. முதல்ல என்ன நடந்தது? அப்புறம்? எப்படி முடிஞ்சது?

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் ராத்திரியில் போட்டுக் கேட்கும் கேசட், மேலே எதுவும் எழுதியிருக்காது. அண்ணன் இப்போது இல்லை. வீடு மாறும்போது கேசட்டும் போய்விட்டது. அவர் ஹம் செய்து காட்டியது வால்ட்ஸ் என்பதைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. கதையைக் கேட்டபோதுதான் வழி திறந்தது. "முதல்ல கடிகாரம் அடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் சுதி சேராத வயலின். நடுவுல பல்லு கிட்டிக்கிற மாதிரி ஒரு பியானோ."

கடிகாரம், சுதி சேராத வயலின். இந்த இரண்டும் அதே வரிசையில் வந்தால் எனக்குத் தெரிந்தவரை ஒரே ஆள்தான்: சேன்-சான்ஸ், 1874, 'டான்ஸ் மகாப்ர்'. நள்ளிரவில் மரணம் வயலின் வாசிக்க, எலும்புக்கூடுகள் எழுந்து ஆடும் கதை. ஹார்ப் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டும், மணி பன்னிரண்டு. பிறகு தனி வயலின்.

அந்த வயலின் சுதி சேராமல் கேட்பது வேண்டுமென்றே செய்தது. அவர்கள் வயலினில் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் ச–ப இடைவெளியில் இருக்கும். சேன்-சான்ஸ் மேல் தந்தியை மட்டும் அரை சுரம் தளர்த்தச் சொல்கிறார். ச–ப போய் ச–ம2 ஆகிவிடும். இரண்டு தந்தியையும் விரல் வைக்காமல் சேர்த்து இழுத்தால் அந்தக் கூசும் ஒலி. கல்யாணியிலும் இதே பிரதி மத்யமம்தான், அதைக் கேட்டு யாரும் பயந்து ஓடுவதில்லையேன்னு நீங்க கேட்கலாம். அங்கே தம்புராவின் சட்ஜம், பஞ்சமம் மேல் அது சௌகரியமாக உட்கார்ந்திருக்கு. இங்கே பஞ்சமத்தையே பிடுங்கிவிட்டு இரண்டு சுரத்தையும் நேருக்கு நேர் உரசவிடுகிறார்.

'பல்லு கிட்டிக்கிற பியானோ' என்பது சைலஃபோன், எலும்பு மோதும் சத்தத்துக்காக. அன்றைய ஆர்கெஸ்ட்ராக்களில் அது அபூர்வம். கருவியின் பெயர் தப்பு, சத்தத்தின் தன்மை சரி. நினைவு பெரும்பாலும் அப்படித்தான் பிசகுகிறது. போதாக்குறைக்கு டீயெஸ் ஈரேயும் உள்ளே உண்டு, மேஜர் சுரங்களில் வால்ட்ஸ் வேஷம் போட்டு.

உடனே யூட்யூபில் போட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஒருமுறை கேட்டுவிட்டால் நினைவு தன்னைத் திருத்திக்கொண்டு எதற்கும் "ஆமா, இதான்" என்று சொல்லிவிடும். சோதனைக்கான தரவைப் பயிற்சியில் கலக்கக் கூடாது என்பது நம்ம தொழிலில் பாலபாடம். முதலில் முடிவைக் கேட்டேன். "பெருசா முடியாதுங்க. எல்லாம் அடங்கிடும், வயலின் கொஞ்சம் அழும், கடைசியில கம்பிய மெதுவா சுண்டி விட்ட மாதிரி." அவர் முன்பு சொல்லாத விஷயம், அப்படியே பொருந்தியது. ஓபோவில் சேவல் கூவும், விடிந்துவிடும், எலும்புக்கூடுகள் குழிக்குத் திரும்பும், தந்திகளைச் சுண்டும் ஒலியோடு முடியும்.

அதன்பிறகுதான் போட்டேன். ஏழு நிமிஷமும் அவர் பேசவில்லை.

மறுநாள் அடுத்த கேள்வியோடு வந்தார்: அண்ணனுடைய கேசட்டில் வாசித்தது எந்த ஆர்கெஸ்ட்ரா? அதற்குக் கைரேகை வேண்டும், கைரேகைக்குக் கேசட் வேண்டும். இப்போது கிடைக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிலவற்றில் வயலின் ரொம்ப சுத்தமாக இருக்காம்.