மீன் வராத வருஷத்துல கில்லி என்ன பண்ணுவார்? போனஸை நம்பி இ.எம்.ஐ. போடும் முன் படிங்க

"வேரியபிள் பே-யையும் சேர்த்து மாசச் சம்பளம்னு கணக்கு போடலாமா?" இதுக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஸ்காட்லாந்துல ஒரு ஆத்தங்கரைக்குப் போயிட்டு வரலாம். காரணம் இருக்கு.

டே, ட்வீட், ஸ்பே, டீ. நாலும் அங்கே பெயர் பெற்ற சால்மன் ஆறுகள். தூண்டில் போட வரும் விருந்தினர்களுக்கு வழிகாட்டுறவரை "கில்லி"ன்னு சொல்வாங்க. விஜய் படம் இல்லீங்க, இது கேலிக் மொழியிலிருந்து வந்த வார்த்தை. ஆத்தோட ஒரு பகுதியில மீன் பிடிக்கும் உரிமை எஸ்டேட்கிட்ட இருக்கும். அதை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் விருந்தினருக்கு வாடகைக்கு விடுவாங்க. கில்லி பெரும்பாலும் அந்த எஸ்டேட்டின் சம்பளக்காரர். மாசச் சம்பளம், பல இடங்களில் குடியிருக்க எஸ்டேட் வீடு, அதுக்கு மேல விருந்தினர் தரும் டிப்ஸ்.

அதாவது உங்க சி.டி.சி. மாதிரியே: ஃபிக்ஸட், சலுகைகள், வேரியபிள்.

மோசமான சீசன்னா என்ன?

2010-ல் ஸ்காட்லாந்து முழுக்கத் தூண்டிலில் சிக்கிய சால்மன் ஒரு லட்சத்துக்கும் மேல. 2023-ல் சுமார் 32,000 தான். 1952-ல் கணக்கு வைக்க ஆரம்பிச்சதிலிருந்து அதுவரைக்கும் அவ்வளவு குறைஞ்சதே இல்லை. 2024-ல் ஏறுச்சு, ஆனா பழைய அளவுக்கு வரல. பிடிபடும் மீனில் நூத்துக்கு 90-க்கு மேல திரும்ப ஆத்துலயே விட்டுடறாங்க.

இன்னொரு சிக்கல், கடலிலிருந்து ஆத்துக்குத் திரும்பின சால்மன் இரை தின்னாது. பசிக்காத மீனைத் தூண்டிலில் கவ்வ வைக்கணும். நல்ல வருஷத்துலயே நிச்சயம் கிடையாது.

அப்போ மீனே இல்லாத வாரத்துல கில்லி விருந்தினருக்கு என்ன தருவார்? காலையில தண்ணி மட்டம், நிறம், குளிர் பார்த்து எந்த மடுவில் நிக்கணும்னு சொல்வார். அதுக்கேத்த செயற்கை ஈயைக் கட்டித் தருவார். ரெண்டு கையால வீசுற நீளத் தூண்டிலை எப்படி வீசணும்னு கத்துக் கொடுப்பார். தேவைப்பட்டா படகை வலிப்பார். நல்ல கில்லி "இன்னிக்கு நிச்சயம் மாட்டும்"னு சொல்ல மாட்டார். நிலைமையை முதல்லயே சொல்லிட்டு, அந்த நாளை வீணாக்காம பார்த்துப்பார். மீன் அவர் கையில இல்ல, அந்த நாள் அவர் கையில இருக்கு.

அடி விழும் வரிசை

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பாயின்ட். மீன் குறைஞ்ச உடனே கில்லிக்கு வேலை போயிடாது. விருந்தினர் முன்கூட்டியே புக் பண்ணியிருப்பாங்க, இந்த வருஷ வாடகை எஸ்டேட்டுக்கு வந்துடும். அடி மூணு கட்டமா விழும்.

1. முதல்ல டிப்ஸ் குறையும்.
2. அடுத்த வருஷம் சில விருந்தினர் திரும்ப வர மாட்டாங்க, புக்கிங் காலியாகும்.
3. வாடகை வராம போனா, எஸ்டேட் ஆள் குறைக்கும். வேலையோட வீடும் போகலாம்.

ஆபீஸ்லயும் இதே வரிசைதான். முதல்ல வேரியபிள் 100-க்கு பதிலா 60 சதவீதம் வரும். அப்புறம் இன்க்ரிமென்ட் தள்ளிப்போகும், புது ஆள் எடுக்கறது நிக்கும். கடைசியில எச்.ஆர். கூப்பிடும். முதல் கட்டத்துக்கும் மூணாவது கட்டத்துக்கும் நடுவில கிடைக்கும் நேரம்தான் உங்க சொத்து. பலர் அந்த நேரத்தை "அடுத்த வருஷம் சரியாயிடும்"னு சொல்லியே கழிச்சிடறாங்க.

இப்போ கணக்கு

கைக்கு வரும் ஃபிக்ஸட் சம்பளம் மாசம் 60,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. வேரியபிள், வரி போக வருஷத்துக்கு 1,80,000. சேர்த்துப் பார்த்தா மாசம் 75,000. அதுல 40 சதவீதம்னு 30,000-க்கு இ.எம்.ஐ. எடுக்கறீங்க. வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பறது எல்லாம் 28,000. மொத்தம் 58,000.

வேரியபிள் வராத வருஷத்துல அதே இ.எம்.ஐ. உங்க வருமானத்துல 50 சதவீதம். மாசம் மிச்சம் 2,000. ஒரு பல் வலி வந்தாலே கிரெடிட் கார்டுதான்.

ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் வேணும்னா 3,48,000. மாசம் 2,000-ல சேர்த்தா பதினாலரை வருஷம் ஆகும். ரெண்டு வருஷ போனஸை அப்படியே ஒதுக்கினா 3,60,000, வேலை முடிஞ்சது. நல்ல சீசன் பணம் மோசமான சீசனுக்குத்தான்.

செய்ய வேண்டியது

இ.எம்.ஐ., வாடகை ரெண்டையும் ஃபிக்ஸட் சம்பளத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணுங்க. வேரியபிளைக் கணக்குல பூஜ்யம்னு எழுதுங்க. வந்தா முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட், அப்புறம் கடன், அப்புறம்தான் டூர்.

ஒரே ஆத்தை நம்பாதீங்க. சம்பளம், போனஸ், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, கம்பெனி ஷேர் எல்லாமே ஒரே முதலாளிகிட்ட இருந்தா, நீங்களும் எஸ்டேட் வீட்டுல இருக்கற கில்லிதான். கம்பெனி காப்பீடு இருந்தாலும், சொந்தமா ஒரு பாலிசி எடுத்து வைங்க. கம்பெனி ஷேர் விற்கும் நிலைக்கு வந்ததும் ஒரு பங்கை விற்று வேற இடத்துல போடுங்க.

மீன் எண்ணிக்கையை நம்பாத ஒரு திறமை வெச்சுக்குங்க. தூண்டில் வீசக் கத்துக் கொடுக்கத் தெரிஞ்ச கில்லிக்கு, ஆத்துல மீன் இல்லாத நாள்லயும் மாணவர் வருவாங்க. உங்க கம்பெனிக்கு வெளியிலயும் விலை போகும் உங்க திறமை எதுன்னு யோசிங்க.

முக்கியமா, கில்லி மாதிரி வீட்டுல உண்மையைப் பேசுங்க. "போனஸ் வந்ததும் வாங்கித் தரேன்"னு அம்மாகிட்டயோ, துணைகிட்டயோ வாக்கு கொடுக்காதீங்க. பணம் அக்கவுன்ட்ல விழட்டும், அப்புறம் சொல்லலாம்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. கடைசி மூணு வருஷ வேரியபிளை எடுத்து, 100-க்கு எத்தனை வந்ததுன்னு வரிசையா எழுதுங்க. எண்ணிக்கை இறங்கிட்டே வந்தா, நீங்க முதல் கட்டத்துல இருக்கீங்க. பயப்பட வேண்டாம், நேரம் இருக்கு. ஆனா இன்னிக்கே ஆரம்பிக்கணும்.