கார் பிழையா, பயணம் பிழையா? மொன்றியல் ரோட்டில் பெற்றோல் எங்கே போகுது



இந்தக் கிழமை எபிசோட்டில் காருக்குள் இருக்கிற கம்பியூட்டர்களைப் பற்றிக் கதைத்தோம். நேரம் காணாமல் விட்டுப்போன ஒரு கேள்வியை இங்கே எடுக்கிறோம்: "ஸ்ரிக்கரில 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் எண்டு போட்டிருக்கு. எனக்கு 12 காட்டுது. காரில என்ன பிழை?"

குளிர்காலம் வந்தால் எங்கட வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிறகு நடப்பதும் தெரிந்த கதைதான். முதலில் ஸ்பார்க் பிளக் மாத்துவார்கள். பிறகு ஒக்சிசன் சென்சர். கடைசியில் "கார் பழசாப் போச்சு, வித்துப்போட்டு வேற எடுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். அப்பாவோ அம்மாவோ அந்தக் காரில் டெலிவரி ஓடுகிறவர் எண்டால் இது சின்னக் காசு இல்லை. பாகம் பாகமாக மாத்தி நூற்றுக்கணக்கில் டொலர் போன பிறகும் பெற்றோல் செலவு அப்படியே இருக்கும். ஏனெண்டால் பல நேரம் பிழை காரில் இல்லை, பயணத்தில் இருக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற வழியைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம்.

முதலில் ஸ்ரிக்கர் என்ன சொல்லுது?

கனடாவில் 2015 மொடல்களில் இருந்து ஐந்து வகைப் பரிசோதனை செய்துதான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். அதற்கு முந்தின முறையில் இரண்டு பரிசோதனைதான். அதனால் 2014 அல்லது அதற்கு முந்திய காரின் பழைய ஸ்ரிக்கர் கொஞ்சம் ஆசை காட்டும். புதிய முறையில் அளந்தால் அதே கார் பெரும்பாலும் 10 முதல் 20% கூடுதலாகக் குடிக்கும். கனடா இயற்கை வளத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பழைய கார்களுக்கும் திருத்திய எண் இருக்கு. முதலில் அதைப் பாருங்கோ.

அடுத்தது, "நகர ஓட்டம்" என்று அவர்கள் சொல்வது உங்கட நகர ஓட்டம் இல்லை. அந்தப் பரிசோதனையில் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றர், உச்ச வேகம் 90. காலை எட்டரைக்குக் கோட்-டெ-நேஜ் வீதியில் 34 கிலோமீற்றர் சராசரி எடுத்த ஆள் யாரும் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கோ! டாஷ்போர்ட்டில் "சராசரி வேகம்" காட்டுகிற திரை பல கார்களில் இருக்கு. அது 18, 20 எண்டு காட்டினால், ஸ்ரிக்கரோடு சண்டை பிடிக்கிறதில் பிரயோசனம் இல்லை.

வடிவா அளந்து பாருங்கோ

டாஷ்போர்ட் காட்டும் லீற்றர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ராங்கை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாங்கோ. அடுத்த முறை திரும்பவும் முழுசா நிரப்புங்கோ. 310 கிலோமீற்றருக்கு 38 லீற்றர் போனால், 38ஐ 310ஆல் பிரித்து 100ஆல் பெருக்க வரும் 12.3தான் உண்மையான எண். பம்ப் நிற்கிற இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும் என்பதால் மூன்று ராங்காவது பார்க்கவேணும்.

பிறகு முக்கியமான சோதனை. என்ஜின் நல்லாச் சூடான பிறகு ஹைவே 40இலோ 20இலோ ஏறி, ட்ரிப்பைப் பூச்சியமாக்கி, மணிக்கு 100இல் ஒரே சீராக 40 கிலோமீற்றர் ஓடுங்கோ. காற்றும் பனியும் இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கோ. ஹைவே எண் ஸ்ரிக்கருக்குக் கிட்ட வந்து, நகரத்தில் மட்டும் மோசம் எண்டால், பெரும்பாலும் பயணத்தில்தான் பிழை. இரண்டிலும் மோசம் எண்டால் காரைச் சந்தேகப்படலாம்.

குளிர் என்ஜின் ஏன் இவ்வளவு குடிக்குது?

இதற்கு அப்பா, மாமா ஆட்களிடம் ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1990இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். காரணம் எளிது. என்ஜினில் எரிவது திரவம் இல்லை, ஆவி. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது.

மொன்றியலில் மைனஸ் 20இல் பெற்றோலுக்கும் கிட்டத்தட்ட அதே பிரச்சினை. விசிறுகிற பெற்றோலில் ஒரு பங்குதான் ஆவியாகும், மிச்சம் உலோகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்பியூட்டர் தேவையைவிடக் கூடுதலாக விசிறுகிறது. ஒயிலும் தடிப்பாக இருப்பதால் உராய்வு கூட. என்ஜின் சூடாகும்வரை இப்படித்தான்.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு இது: வெப்பநிலை 25 பாகையில் இருந்து மைனஸ் 7க்கு இறங்கினால், நகரத்தில் ஒரு லீற்றருக்கு ஓடுகிற தூரம் 15% அளவில் குறையும். ஐந்தாறு கிலோமீற்றர் குறுகிய பயணங்களில் 24% வரை குறையலாம். அதாவது 8 லீற்றர் குடிக்கிற கார் 10.5 குடிக்கும், எந்தப் பிழையும் இல்லாமல். ஹைபிரிட் கார்களுக்கு அடி இன்னும் பெரிது, 30 முதல் 34%. ஏனெண்டால் உள்ளே ஹீற்றருக்காகவே என்ஜின் ஓடவேண்டியிருக்கு.

நின்ற இடத்தில் போகிற பெற்றோல்

3 லீற்றர் என்ஜின் ஒன்று 10 நிமிடம் சும்மா ஓடினால் 300 மில்லிலீற்றர் போகும் என்பது கனடா அரசின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 2 லீற்றர் என்ஜினுக்கு 200 வரும். ரிமோட் ஸ்ராட்டரில் 10 நிமிடம் சூடாக்கிவிட்டு 5 கிலோமீற்றர் தூரத்தில் வேலைக்குப் போகிறீர்கள் எண்டு வையுங்கோ. அந்த 200 மில்லிலீற்றர் மட்டுமே 100 கிலோமீற்றருக்கு 4 லீற்றர் என்ற கணக்கில் ஏறும். 8க்கும் 12க்கும் நடுவில் இருந்த இடைவெளி அதோடு சரி!

இன்னொன்று: கியூபெக்கில் 2003 ஏப்ரலில் இருந்து சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம், மொன்றியல் தீவைத் தவிர. அதே கார் வைத்திருக்கிற லவால் மச்சானுக்குக் குறைவாகப் போகுது எண்டால், அவருடைய கார் நல்லது என்று மட்டும் அர்த்தம் இல்லை. அவர் நிற்கிற நேரம் குறைவாக இருக்கலாம்.

சரி, காரில்தான் பிழை எண்டால்?

மலிவான புளூரூத் ஓபிடி கருவி ஒன்று வாங்குங்கோ. 1998க்குப் பிறகு கனடாவில் விற்ற கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சொக்கெற் இருக்கும். ஃபோனில் ஒரு அப் போட்டால் காணும். இந்த ஒழுங்கில் பாருங்கோ:

1. ரயர் காற்று. 5 முதல் 6 பாகை குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். செப்டெம்பரில் 20 பாகையில் அடித்த காற்று, ஜனவரியில் மைனஸ் 20இல் 7 பிஎஸ்ஐ குறைந்து நிற்கும். கதவோரத்து ஸ்ரிக்கரைப் பார்த்து, கார் ஓடாமல் நின்ற நிலையில் அளவுங்கோ. ஆனால் 7 பிஎஸ்ஐ குறைந்தாலும் பெற்றோலில் 1.5% அளவுதான் வித்தியாசம். முழுப் பழியையும் ரயரில் போட ஏலாது.

2. கூலன்ட் சூடு. 15 நிமிடம் ஓடிய பிறகு சாதாரணமாக 90 பாகைக்குக் கிட்ட நிற்கவேணும். 60, 70இலேயே நின்று, ஹைவேயில் இன்னும் இறங்கினால் தேர்மோஸ்ரட் திறந்தபடி இறுகியிருக்கு. பி0128 என்ற கோட் வரும், ஹீற்றரும் சூடு காணாது. கம்பியூட்டர் என்ஜின் இன்னும் குளிர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

3. ஃபியூவல் ட்ரிம். சூடான என்ஜினில் குறுகிய காலம், நீண்ட காலம் என்ற இரண்டு எண்களையும் கூட்டுங்கோ. பத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதைவிடக் கூடின பிளஸ் எண்டால் காற்றுக் கசிவோ, காற்றளவு சென்சர் ஊத்தையோ, பம்ப் பலவீனமோ இருக்கலாம். கூடின மைனஸ் எண்டால் இன்ஜெக்ரர் ஒழுகுதா என்று பார்க்கவேணும்.

4. பிரேக். ரோட்டு உப்பில் கலிப்பர் துருப்பிடித்து இறுகுவது இங்கே சர்வசாதாரணம். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓடி நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டு போங்கோ. தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான் ஆள்.

ஏர் ஃபில்ரரை மாத்தினால் பெற்றோல் மிஞ்சும் என்று அப்பா சொன்னால், அவர் காலத்துக் கார்புரேற்றர் காருக்கு அது சரி. இப்போதைய என்ஜினில் காற்றுக்கு ஏற்றபடி கம்பியூட்டரே பெற்றோலைக் குறைக்கும். ஃபில்ரர் அடைத்தால் இழுவை குறையும், செலவு பெரிதாக மாறாது.

செலவில்லாமல் செய்யக்கூடியது

பனியைத் தட்டி, கண்ணாடி தெளிந்ததும் மெதுவாக ஓடத் தொடங்குங்கோ. சாதாரண குளிரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் காணும். ஓடும்போதுதான் என்ஜின் கெதியாச் சூடாகும். மூன்று சின்னப் பயணத்தை ஒன்றாக்கி, தூரமான இடத்துக்கு முதலில் போங்கோ. மிச்சம் இரண்டும் சூடான என்ஜினில் முடியும். பிளொக் ஹீற்றர் இருந்தால் வெளிக்கிட இரண்டு மணி நேரத்துக்கு முதல் ரைமரில் போடுங்கோ, இரவு முழுக்கத் தேவையில்லை.

அப்படியும் கராஜுக்குப் போகவேண்டி வந்தால் மூன்று ராங்கின் கணக்கு, ஹைவே எண், கூலன்ட் சூடு, ட்ரிம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் கையில் குடுத்து விடுங்கோ. கூடவே போகக்கூடிய நாள் எண்டால் இன்னும் நல்லது. "இந்தப் பாகத்தை மாத்தச் சொல்லி எந்த அளவு சொல்லுது?" என்று கேளுங்கோ. நல்ல மெக்கானிக் எண்டால் அந்தத் தாளைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். பதில் சொல்ல விருப்பமில்லாதவரிடம் சாவியைக் குடுக்க வேண்டாம்.

உங்கட எண்களை எங்களுக்கு அனுப்புங்கோ. காரின் மொடல், ஆண்டு, சராசரி வேகம் மூன்றையும் மறக்காமல் போடுங்கோ. அடுத்த கிழமை சந்திப்போம்.