இரண்டு நீலங்கள் – 9: கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கர்

பிரான்ஸ் அணியின் நீலச் சட்டையையும் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் புதுச்சேரிக்காரர்களைப் பற்றிய தொடர் இது. போன வாரம் இத்தாலியின் தடுப்பாட்டக்காரர் மட்டராஸியோடு நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்கு மேல் முன்கதை வேண்டாம்.

இந்த வாரம் சென்னையின் அணியின் ஆட்டப் பாணியைப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் பழைய இறுதி ஆட்டங்களின் கோல் நேரங்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு ஆட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. அதிலிருந்து என்னால் நகர முடியவில்லை.

1998 ஜூலை 12, பாரீஸை ஒட்டிய சான் தெனி. உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி பிரேசில். 27ஆவது நிமிடத்தில் கார்னர், ஸிதான் தலையால் முட்டினார், கோல். முதல் பாதியின் கூடுதல் நேரம் ஓடும்போது இன்னொரு கார்னர், மறுபடி ஸிதான், மறுபடி தலை, மறுபடி கோல். கடைசி நேரத்தில் பெத்தி ஒன்று அடிக்க, பிரான்ஸ் மூன்று கோல்.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா அரங்கம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம். சொந்த ஊரில் ஆடிய பெங்களூரு எஃப்.சி.க்காக 9ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். 17ஆவது நிமிடத்தில் சென்னையின் அணிக்குக் கார்னர். கிரிகோரி நெல்சன் உதைத்தார், மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டினார், கோல். 45ஆவது நிமிடத்தில் அதே கார்னர், அதே நெல்சன், அதே மைல்சன், அதே தலை. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். இங்கேயும் மூன்று கோல். பெங்களூரு கடைசியில் ஒன்று திருப்பியும் 3–2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது.

இரண்டு நீல அணிகள், இரண்டு இறுதி ஆட்டங்கள். இரண்டிலும் முதல் பாதி முடிவதற்குள் இரண்டு கார்னர், இரண்டு முட்டல், ஒரே ஆள். இரண்டிலுமே அந்த ஆள் ஸ்ட்ரைக்கர் இல்லை. ஸிதான் நடுக்களம். மைல்சன் தடுப்பாட்டக்காரர், பிரேசில்காரர். ஸிதான் பிரேசிலுக்கு எதிராக அடித்ததை ஒரு பிரேசில்காரர் நமக்காக அடித்துக் கொடுத்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மட்டராஸியையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். 2006 பெர்லின் இறுதியில் ஸிதான் பெனால்டி அடித்த பிறகு இத்தாலிக்குச் சமன் செய்து கொடுத்தது அவருடைய தலைதான். அதுவும் பிர்லோ உதைத்த கார்னரிலிருந்து வந்ததே. அன்று ஸிதான் வெளியேற்றப்படக் காரணமானதற்காக நம் ஊரில் இன்றைக்கும் அவரை மன்னிக்காதவர்கள் அந்த ஒரு முட்டலை மட்டும் சொல்வதில்லை!

இதைப் புதுச்சேரி முத்தியால்பேட்டை டீக்கடையில் சொன்னேன். அங்கே ஐ.எஸ்.எல். பேச்சு தொடங்கினால் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்.

“ஒரு நல்ல ஒன்பதாம் நம்பர் வாங்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்ணா. எவ்ளோ வருஷமா கத்துறோம்.”

ஒன்பதாம் நம்பர் என்றால் ஸ்ட்ரைக்கர். சொன்னவர் கல்லூரி மாணவர். ஆட்டம் பார்க்கக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், இரவு ஒன்பதரைக்கு மேல் ஆட்டம் முடிந்து, விடியற்காலையில் வீடு திரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பதில் சொன்னது சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம், வாங்கும் ஒரு பெரியவர்.

“தம்பி, ஜிரூ ரஷ்யாவுல எத்தனை கோல் அடிச்சாரு?”

“ஒண்ணும் இல்ல மாமா.”

“கப்பு யாரு தூக்கினது?”

பையன் சிரித்துவிட்டார். ஆனால் பெரியவர் கேட்ட கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. 2018 உலகக் கோப்பையில் ஒலிவியே ஜிரூ ஏழு ஆட்டங்களிலும் இறங்கினார். மொத்தம் 546 நிமிடம். கோல் இல்லை என்பது மட்டுமல்ல, கோல் கம்பத்துக்குள் போகிற மாதிரி ஒரு உதைகூட இல்லை. பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அவர் முதுகில் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இருவர் விட்டுவந்த இடத்தில்தான் எம்பாப்பே ஓடினார், கிரீஸ்மான் நின்றார். ஆளுக்கு நான்கு கோல். அரையிறுதியில் பெல்ஜியத்தைச் சாய்த்தது உம்தித்தி என்ற தடுப்பாட்டக்காரரின் தலை. அதுவும் கார்னர்தான். அதே ஜிரூ 2022 டிசம்பரில் போலந்துக்கு எதிராக அடித்து, தியெரி ஆன்ரியின் 51 கோல் கணக்கைத் தாண்டினார். கோல் அடிக்கத் தெரியாத ஆள் இல்லை அவர். அணி கேட்ட வேலை வேறாக இருந்தது, அதைச் செய்தார்.

1998இல் அந்த வேலை ஸ்தெபான் கிவார்ஷுக்கு. அவர் கதையை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு பிரெஞ்சு லீகில் ஒசேர் அணிக்காக 21 கோல் அடித்து முதலிடத்தில் இருந்தவர். உலகக் கோப்பையில் ஒன்றும் அடிக்கவில்லை. இறுதி ஆட்டத்தில்கூட முதல் பதினொருவரில் அவர் இருந்தார். 66ஆவது நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டார். அரையிறுதியில் குரோவேஷியாவுக்கு எதிராக அணியைக் காப்பாற்றியவர் தடுப்பாட்டக்காரர் துராம். இரண்டு கோல். பிரான்ஸுக்காக அவர் ஆடியது 142 ஆட்டம், அடித்த கோல்கள் அந்த இரண்டுதான், இரண்டும் அன்றைக்கே. கிவார்ஷ் பிற்பாடு இங்கிலாந்தில் நியூகாசிலுக்குப் போனார். ஓய்வுக்குப் பிறகு பிரித்தானி பக்கம், சொந்த மண்ணில், நீச்சல் குளம் விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தார். உலகக் கோப்பை வென்றவர் வீடு வீடாகப் போய் நீச்சல் குளம் விற்றார் என்பதைச் சிலர் தோல்வியாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இல்லாமல் அந்த இறுதி ஆட்டம் தொடங்கவே இல்லை.

சரி, நம் நீலத்துக்கு வருவோம்.

டீக்கடைப் பையனின் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. 2020–21இல் சென்னையின் அணி 20 ஆட்டங்களில் அடித்தது 17 கோல். ஆட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. பதினொரு ஆட்டங்கள் சமன். எட்டாவது இடம். அடுத்த ஆண்டும் எட்டு, அதற்கடுத்த ஆண்டும் எட்டு. 2023–24இல் ஆறாவதாக வந்து பிளே ஆஃப் வரை போய் கோவாவிடம் தோற்றார்கள். 2024–25இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. இரண்டு முறை சாம்பியனான அணி இது.

இந்தக் காலம் முழுக்க கிளப் ஸ்ட்ரைக்கர் வாங்காமல் இருந்ததா? ஸ்லோவாக்கியாவிலிருந்து சில்வெஸ்டர் வந்தார், போலந்திலிருந்து கிக்கியேவிச், கிர்கிஸ்தானிலிருந்து முர்சயேவ், பிறகு ஸ்லிஷ்கோவிச், கானாவின் கரிகரி, ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் மரே, கொலம்பியாவின் வில்மர் ஜோர்டன், நைஜீரியாவின் சீமா சுக்வு. பையன் இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு, “இதுல ஒருத்தரும் மெண்டோசா இல்லண்ணா” என்றார்.

மெண்டோசா! 2015இல் இந்த அணிக்காகப் பதின்மூன்று கோல். அந்த ஆண்டை நேரில் கண்டவர்கள் அவரை அளவுகோலாக வைப்பது இயல்பு. ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. வெள்ளத்தில் சென்னையே மூழ்கிக் கிடந்ததால் சொந்த மண் அரையிறுதியைப் புனேயில் ஆடி, 3–0 என்று கொல்கத்தாவை வென்றது. கடலூரும் புதுச்சேரியும் அந்த மழையில் பட்ட பாடு தனி. மின்சாரம் இருந்த வீட்டைத் தேடிப் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் இருப்பார்கள். பிறகு கோவாவில் நடந்த இறுதி, இரண்டாம் பாதியின் கூடுதல் நேரத்தில் மெண்டோசாவின் கோல், 3–2. அப்படி ஒரு ஆளைப் பார்த்தவர்களுக்கு அடுத்து வருகிற ஒவ்வொருவரும் குறையாகத்தான் தெரிவார்கள்.

ஆனால் நான் பிடித்துக்கொள்வது வேறு ஒரு பெயரை. நெரியஸ் வால்ஸ்கிஸ், லிதுவேனியாக்காரர். 2019–20இல் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். பயிற்சியாளர் ஜான் கிரிகரி போய் ஓவன் காயில் வந்ததும் அடியில் கிடந்த அணி இறுதிவரை ஏறியது. கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் ஏ.டி.கே.யிடம் தோற்றது. அடுத்த ஆண்டு காயிலோடு வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போனார். அந்த 17 கோல் ஆண்டு அதுதான். எனவே ஸ்ட்ரைக்கர் போனதால் கோல் போயிற்று என்று கணக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் திரும்பி வந்தார். அதே ஆள், அதே சட்டை. அணி எட்டாவதுதான்.

அப்படியானால் இடையில் காணாமல் போனது எது? ரஃபேல் கிரிவெலாரோ. 2019–20இல் வால்ஸ்கிஸுக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்த பிரேசில் நடுக்கள வீரர். 2020–21இல் கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். சென்னையின் அணி அதற்குப் பிறகு பிளே ஆஃப் தொட்ட ஒரே பருவம் 2023–24. அந்த ஆண்டு காயிலும் திரும்பி வந்திருந்தார், கிரிவெலாரோவும் திரும்பி வந்திருந்தார். இடையில் 2022–23இல் எல் கயாத்தி பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்தார். அவரும் ஒன்பதாம் நம்பர் இல்லை, பின்னாலிருந்து பந்தோடு வருகிறவர். இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது: இந்த அணி ஸ்ட்ரைக்கரைத் தொலைத்த ஆண்டுகளைவிட, ஸ்ட்ரைக்கருக்குப் பந்து கொடுப்பவரைத் தொலைத்த ஆண்டுகளில்தான் அதிகம் தவித்திருக்கிறது. பதமாக அடுப்பு எரியாத வீட்டில் சமையல்காரரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

சொல்தா மாமா இதை ஒத்துக்கொள்ளவில்லை. “ஜேஜேவ மறந்துட்டியா?” என்றார். மறக்கவில்லை. மிசோரமின் ஜேஜே லால்பெக்லுவாதான் ஐ.எஸ்.எல்.லில் சென்னைக்காக 23 கோல் அடித்தவர். 2017–18இல் மட்டும் ஒன்பது. அந்த அரையிறுதியில் கோவாவுக்கு எதிரான 3–0 வெற்றியில் இரண்டு அவருடையது, மூன்றாவது வியாசர்பாடி தன்பால் கணேஷுடையது. இறுதி ஆட்டத்தில் ஜேஜே கோல் அடிக்கவில்லை. ஆனால் பெங்களூருவின் தடுப்பாட்டக்காரர்களை அவர் கட்டி இழுத்ததைத் திரும்பப் பாருங்கள். ஜிரூ ரஷ்யாவில் செய்தது அதே வேலைதான், நான்கு மாதம் கழித்து. முழங்கால் காயம் ஜேஜேயின் ஆட்டத்தை முடித்தது. 2023இல் மிசோரம் சட்டமன்றத் தேர்தலில் நின்று, பதவியில் இருந்த சுகாதார அமைச்சரையே தோற்கடித்து எம்.எல்.ஏ. ஆகிவிட்டார்.

அவர் இடத்துக்கு ஒரு இந்தியர் வரவில்லை என்பதுதான் மாமாவின் வருத்தம். இதில் அவரோடு நான் முழுக்க உடன்படுகிறேன். நான்கு வெளிநாட்டினரை ஒரே நேரத்தில் இறக்கலாம் என்றால், எல்லா கிளப்பும் அதில் ஒன்றை ஸ்ட்ரைக்கருக்குக் கொடுத்துவிடுகிறது. இந்தியப் பையன் ஓரத்தில் ஓடக் கற்றுக்கொள்கிறான், நடுவில் நிற்கக் கற்றுக்கொள்வதில்லை. சேத்ரி போன்ற ஒருவருக்கு அப்புறம் யார் என்று நாடே கேட்பதற்கும், சென்னையின் அணிக்கு ஜேஜேக்கு அப்புறம் யார் என்று முத்தியால்பேட்டை கேட்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. 2025இல் காயில் விலகிய பிறகு பயிற்சியாளராக வந்தவர் கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டா. அவரும் நடுக்களத்தில் ஆடியவர். வெளிநாட்டு இடங்களில் முதல் இடத்தை அவர் ஒரு கிரிவெலாரோவுக்குக் கொடுக்க வேண்டும், ஒன்பதாம் நம்பர் சட்டையை ஒரு இந்தியருக்குக் கொடுத்து இரண்டு பருவம் பொறுக்க வேண்டும். முதல் பருவத்தில் அந்தப் பையன் கோல் அடிக்காவிட்டால் அரங்கில் அவனைத் திட்டாமல் இருக்க வேண்டியது நம் கடமை. கார்னருக்குத் தலை கொடுக்கத் தடுப்பாட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டப் பாணி பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்குப் போகிறது. நீளமாக உதைப்பதா, தரையோடு தரையாகக் கடத்துவதா என்ற சண்டையை அங்கே முடிப்போம். கூடவே பக்கத்துக் கடலூரிலிருந்து இந்திய அணியின் நடுக்களம் வரை போன இந்துமதி கதிரேசனையும் எழுத வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 17 அன்று புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கே போய் மைல்சனின் இரண்டு முட்டலையும் நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், இந்த வியாழனுக்குள் எனக்கு எழுதுங்கள்.