நான்கு மணி நேரத்தில் ஒரு பொங்கல் வாழ்த்து

பொங்கல் நெருங்கும்போது எங்கள் சிறுநீரகப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இந்த ஒரு முறை மட்டும் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் மகளாகவோ மருமகனாகவோ இருப்பார். அப்பா இல்லாமல் ஊரில் பானை வைக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். எனினும் எங்கள் விடை மாறுவதில்லை. இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையே நாட்கள் கூடக்கூட உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்குகின்றன. அளவு மீறிய பொட்டாசியம் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பைக் குலைத்து உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

பண்டிகை உணவிலும் இதே இடர் உண்டு. வெல்லம், கரும்பு, வாழைப்பழம், இளநீர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகிய அனைத்திலும் பொட்டாசியம் இருக்கிறது. ஆகவே திருநாளன்று சிறுநீரக நோயாளி தம் வீட்டில் மிகுதியாகக் கேட்கும் சொல் 'வேண்டாம்' என்பதாகவே இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். ஆனால், பிறர் விலக்கி வைப்பதை ஏற்பவராக மட்டும் அவர் இருக்க வேண்டியதில்லை. பண்டிகைக்கு அவர் தம் கையால் தரக்கூடியதும் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அஞ்சலில் வந்து குவிந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளை நாம் மறந்துவிடவில்லை. அப்படி ஓர் அட்டையை டயாலிசிஸ் நாற்காலியில் அமர்ந்தபடியே வரைய முடியும். அதற்கு ஏற்றவை நீரில் கரையும் வண்ணப் பென்சில்கள்.

பென்சிலும் சில துளி நீரும்

நம்மில் பலருக்கு இப்பென்சில் புதிது. ஓவிய உலகுக்கு அவ்வளவு புதிதன்று. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரிலுள்ள காரன் டாஷ் நிறுவனம் 1931-இல் பிரிஸ்மாலோ என்ற பெயரில் இத்தகைய பென்சிலை வெளியிட்டது. சாதாரண வண்ணப் பென்சிலில் நிறப்பொடியை மெழுகோ எண்ணெயோ பிணைத்து வைத்திருக்கும். இவ்வகைப் பென்சிலில் அந்த வேலையை வேல மரப் பிசின் போன்ற, நீரில் கரையும் பொருள்கள் செய்கின்றன. உலர்ந்த தாளில் கோடுகளாக வரைந்து, ஈரத் தூரிகையால் மெல்லத் தடவினால் கோடுகள் கரைந்து நீர்வண்ணமாகப் பரவும்.

வண்ணக் கிண்ணம் கவிழுமோ என்ற அச்சம் இதில் இல்லை. டர்பன்டைனின் நெடியும் இல்லை. கைப்பிடிக்குள்ளேயே நீர் நிரப்பும் தூரிகை ஒன்று இருந்தால் தனியாக நீர்க் குவளையும் வேண்டாம். சில மில்லிலிட்டர் நீரே ஓர் அட்டைக்குப் போதும். நீர் மிகுந்தால் வண்ணம் நீர்த்துப்போய்த் தாளும் சுருங்கும். அளந்து நீர் அருந்தப் பழகியவர்களுக்கு இது புதிய பாடமன்று.

12 நிறங்கள் கொண்ட ஒரு பெட்டியும், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளும் இதற்குப் போதுமானவை.

டயாலிசிஸ் அறையில் கவனிக்க வேண்டியவை

டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் அதிகம் பயன்படுத்தாத கையில்தான் அமைக்கிறோம். ஆகவே எழுதும் கை பலருக்கும் ஓய்வாகவே இருக்கும். ஊசி பொருத்திய கை அசையக்கூடாது என்பதால், தாளை ஓர் அட்டைப் பலகையில் நாடாவால் ஒட்டிக்கொள்வது நல்லது. எழுதும் கையிலேயே ஃபிஸ்டுலா உள்ளவர்கள், டயாலிசிஸ் இல்லாத நாளில் வீட்டில் வரையலாம்.

பென்சில்களை வீட்டிலேயே சீவி எடுத்து வாருங்கள். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்கப் பெரும்பாலானோருக்கு ஹெப்பாரின் தருகிறோம். சிறு வெட்டிலிருந்தும் அப்போது இரத்தம் நெடுநேரம் கசியும். தூரிகையில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொதிக்கவைத்து ஆறிய நீரை நிரப்புங்கள். வரைந்து முடித்ததும் எஞ்சியதைக் கொட்டி உலர வையுங்கள். தேங்கிய நீரில் கிருமிகள் வளரும். உங்கள் பென்சிலையும் தூரிகையையும் பக்கத்து நாற்காலிக்காரருடன் பகிர்ந்துகொள்ள வேண்டாம். தூரிகை நுனியை நாவால் கூராக்கும் பழக்கமும் கூடாது. தலைச்சுற்றலோ தசைப்பிடிப்போ தோன்றினால் பென்சிலை வைத்துவிட்டு உடனே செவிலியரை அழையுங்கள்.

பானை, கரும்பு, கதிரவன்

முதலில் சாதாரணப் பென்சிலால் மெல்லிய கோட்டில் பானையையும், இருபுறமும் கரும்பையும், மேலே கதிரவனையும் அமைத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குச் செல்வது நீர்வண்ணத்தின் முறை. ஆகவே கதிரவனின் மஞ்சளே முதலில் வரட்டும்.

பொங்கி வழியும் பால் நுரைக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. அந்த இடத்தில் தாளை வெறுமையாக விட்டு, சுற்றிலும் மண்பானையின் செம்பழுப்பைத் தீட்டினால் நுரை தானே தெரியும். கரும்புக்குச் சிவப்பின்மேல் நீலத்தை இட்டு நீரால் தடவுங்கள், ஊதா பிறக்கும். மஞ்சள் கொத்தின் இலைக்கு மஞ்சளும் நீலமும் சேர்ந்து பச்சையைத் தரும். ஒரு நிறம் உலர்ந்த பின்பே அடுத்ததைத் தொடங்குங்கள். இல்லையேல் இரண்டும் கலந்து கலங்கிவிடும். காத்திருக்கும் நேரம் அங்கே நிறையவே இருக்கிறது.

கரும்பின் கணுக்களுக்குப் பென்சில் நுனியை நீரில் தொட்டு வரைந்தால் கோடு அடர்த்தியாக விழும். கோலத்தின் புள்ளிகளையும் அவ்வாறே வைக்கலாம். நிறம் தவறிய இடத்தை ஈரத் தூரிகையால் நனைத்து, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்தால் பெரும்பகுதி நீங்கும். டெர்வென்ட் நிறுவனத்தின் இங்க்டென்ஸ் போன்ற மை வகைப் பென்சில்கள் மட்டும் உலர்ந்தபின் எளிதில் கரையா. அவற்றைப் பயன்படுத்துவோர் முதலில் வேறொரு தாளில் பழகிக்கொள்வது நல்லது.

குடும்பத்தாருக்கு

வரைவது சிகிச்சைக்கு மாற்றன்று. பொட்டாசியத்தை அது குறைக்காது. ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்கு ஒரு பயனும், பண்டிகையில் அவருக்கென ஓர் இடமும் கிடைக்கும். அட்டைகளை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். முகவரி எழுதி, அஞ்சல் தலை ஒட்டி, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே அஞ்சலில் சேருங்கள்.

வெளியூர் செல்லத் திட்டமிருந்தால் முன்கூட்டியே எங்களிடம் தெரிவியுங்கள். டயாலிசிஸ் நாளைத் தவறவிடாமல் மாற்றியமைக்கவோ, செல்லும் ஊரில் ஏற்பாடு செய்யவோ வழி தேடலாம். சர்க்கரைப் பொங்கல் எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டறியுங்கள். தசைத் தளர்ச்சி, மூச்சுத் திணறல், படபடப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் பண்டிகை நாளென்று தயங்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அன்றும் எங்கள் பிரிவு திறந்தே இருக்கும்.