நிதி திரட்டுமுன் மூன்று எண்கள்: திட்டமிடலும் ஒப்பளவும்



பள்ளி நிதி திரட்டு விருந்து முடிந்த மறுநாள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எவ்வளவு சேர்ந்துச்சு, சார்?” செயலாளர் ஒரு தொகையைச் சொல்வார். கேட்டவர் “பரவாயில்லையே!” என்பார். அதோடு கணக்கு முடிந்துவிடும். அந்தத் தொகையைச் சேர்க்க எவ்வளவு செலவானது? போன வருஷம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் கொடுத்தார்கள்? சேர்ந்த பணம் எந்தத் தேவையை முடித்தது? இவற்றை நாம் அதிகம் கேட்பதில்லை.

ஏன் கேட்க வேண்டும்? மாக் மண்டினையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த் வட்டாரத்துத் தொழிற்பேட்டைப் பகுதி இது. ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. தமிழ்ப்பள்ளிக் கூப்பன், கோயில் திருப்பணி ரசீது, தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் வசூல், இளைஞர் இயக்கத்தின் விருந்து டிக்கெட் எல்லாமே சுற்றிச் சுற்றி அதே வீட்டுக் கதவைத்தான் தட்டுகின்றன. கொடுக்கிற கை ஒன்று, கேட்கிற கை நான்கு. அந்தக் கை தருகிற பத்து வெள்ளியில் ஏழு வெள்ளி விருந்துச் சாப்பாட்டுக்கே போய்விட்டால், அது கொடுத்தவருக்கு நாம் செய்யும் நியாயமா? திட்டமிடல், ஒப்பளவு என்ற இரண்டு சொற்களையும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. வியூகத் திட்டம் என்றால் என்ன?

பெரிய சொல்லாகத் தெரிந்தாலும் பொருள் எளிது. நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் வைத்திருப்பதுதான் வியூகத் திட்டம்.

அ) எதற்காக?
ஆ) எவ்வளவு?
இ) யாரிடமிருந்து, எந்த வழியில்?
ஈ) எப்போதுக்குள், யார் பொறுப்பில்?

“பள்ளி வளர்ச்சிக்காக” என்பது முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. “படிவம் 1க்குப் போகுமுன் ஆறாம் ஆண்டு மாணவர் 30 பேருக்கு ஓராண்டு வாசிப்பு வகுப்பு; அதற்கு நூல்களும் பயிற்றுநர் படியும்” என்றால் அது பதில். தேவை தெளிவானால் தொகை தானாக வரும். தொகை வந்தால் யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் மண்டபத்தை புக் பண்ணிவிட்டு, பிறகுதான் “எதுக்கு வசூல்னு போடலாம்?” என்று யோசிக்கிறோம்.

2. நம் நாட்டிலேயே ஒரு பாடம்

இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான பதிலோடு தொடங்கிய ஒரு முயற்சி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. அதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்.

1957இல் மலாயா விடுதலை பெற்ற காலத்தில், வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்று நாம் படிப்பது இதைத்தான். தோட்டம் போனால் தொழிலாளிக்கு வேலை மட்டும் போகாது, குடியிருந்த வீடும் போகும். இந்த நிலையில்தான் துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார்.

அவர் முன்வைத்த திட்டத்தை நம் நான்கு கேள்விகளில் பொருத்திப் பாருங்கள். எதற்கு? விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே சேர்ந்து வாங்க. எவ்வளவு? ஒருவருக்கு 100 வெள்ளிப் பங்கு. எந்த வழியில்? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். எப்போதுக்குள்? பத்து மாதத்தில் ஒருவரின் பங்கு முழுமையாகும்.

நாட்கூலி வாங்கிய ஒருவரிடம் 100 வெள்ளியை மொத்தமாகக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? “எங்கிட்ட ஏதுங்க அவ்வளவு?” என்று கைவிரித்திருப்பார். மாதம் 10 வெள்ளி என்பது அன்றைய தோட்டத் தொழிலாளிக்குச் சிறிய தொகை அல்ல. ஆனாலும் முடியாத தொகையும் அல்ல. அந்த அளவைக் கண்டுபிடித்ததில்தான் வியூகம் இருக்கிறது.

அடுத்ததையும் கவனியுங்கள். 1961இலேயே, நமக்குப் பக்கத்து மாநிலமான கெடாவில், புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கட்டிய பணம் கண்ணுக்குத் தெரியும் மண்ணாக மாறியது. முதல் ஆண்டுக்குள் ஒரு பலனைக் காட்ட முடிந்தால், இரண்டாம் ஆண்டில் சேர்கிறவருக்குத் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. அது பங்குப் பணம், நன்கொடை அல்ல. கட்டியவர் உரிமையாளர் ஆனார். நம் பள்ளி நிதிக்குக் கொடுப்பவருக்குப் பங்கு கிடைக்காது. அதனால் அவருக்குத் தகவலாவது கிடைக்க வேண்டும். “உங்கள் பணம் இதைச் செய்தது” என்ற ஒரு பக்கக் கடிதம்தான் அவருக்கு நாம் தரும் இலாபப் பங்கு.

3. ஒப்பளவு என்றால் என்ன?

பெஞ்ச்மார்க் என்று அலுவலகங்களில் சொல்வதையே இங்கே ஒப்பளவு என்கிறேன். நம் செயலை ஓர் அளவோடு வைத்துப் பார்ப்பது ஒப்பளவு. தேர்வில் 65 புள்ளி வாங்கிய மாணவர் நன்றாகச் செய்தாரா? போன தேர்வில் 48 வாங்கியிருந்தால் ஆமாம். 85 வாங்கியிருந்தால் இல்லை. எண் ஒன்றே, பொருள் வேறு.

ஒப்பிடும்போது பொருத்தமானவரோடு ஒப்பிட வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கையை எல்லாரும் அறிவோம். இலக்கு 60 இலட்சம் அமெரிக்க டாலர். 2015இல் அமெரிக்கவாழ் மருத்துவர்களான ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு 5 இலட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தார்கள். 2017இல் தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. அது ஏறக்குறைய 15 இலட்சம் டாலர். உலகெங்கும் உள்ள தமிழர்கள் கொடுத்ததையும் சேர்த்து 2018இல் இலக்கு எட்டப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு மருத்துவர்களும் ஓர் அரசும் கொடுத்ததே 25 இலட்சம். அதாவது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. மேலே சில பெரிய கொடை, கீழே பல சிறிய கொடை என்று கோபுர வடிவில் அமைந்த திட்டம் இது. சம்பந்தன் திட்டமோ ஒரே அளவுச் செங்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர். இரண்டும் வென்றன. ஆனால் ஒன்றின் அளவை மற்றதற்கு வைத்தால் தவறு. பெரிய கொடையாளர் இல்லாத பள்ளி கோபுரம் கட்டப் பார்த்தால், உச்சியில் வைக்கக் கல் இருக்காது. “அந்தப் பள்ளி ஒரே ராத்திரியில ஐம்பதாயிரம் சேர்த்துட்டாங்க, நம்மால முடியலையே” என்று வருந்துமுன், அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் யார், ஆதரவு தந்த நிறுவனம் எது என்று பாருங்கள். முதல் ஒப்பளவு எப்போதும் நம்முடைய போன வருஷக் கணக்குதான்.

4. மூன்று எண்கள்

கீழே வருவது விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு. உங்கள் பள்ளியின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

முதல் எண்: நிகரத் தொகை. ஒரு விருந்து. 50 மேசை, மேசைக்கு 500 வெள்ளி. வரவு 25,000. சாப்பாடு மேசைக்கு 280 என்றால் 14,000. மண்டபம், ஒலிபெருக்கி, அச்சு 4,000. செலவு 18,000. மேடையில் அறிவிப்பது 25,000. பள்ளிக்கு மிஞ்சுவது 7,000.

இரண்டாம் எண்: ஒரு வெள்ளி திரட்ட ஆன செலவு. செலவை வரவால் வகுக்க வேண்டும். 18,000 ÷ 25,000 = 72 சென். அதாவது ஒவ்வொரு வெள்ளியிலும் 28 சென்தான் மாணவருக்குப் போகிறது.

இப்போ இன்னொரு வழி. முன்னாள் மாணவர் 100 பேர் மாதம் 10 வெள்ளி தர ஒப்புக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து 30 பேர் நின்றுவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் 6,000. அடுத்த ஆறு மாதம் 4,200. மொத்தம் 10,200. ரசீது, தபால், வங்கிச் செலவு 600. மிச்சம் 9,600. ஒரு வெள்ளிக்கு ஆன செலவு ஏறக்குறைய 6 சென். விருந்தின் பாதி வரவுகூட இல்லை, ஆனால் பள்ளிக்குக் கிடைத்தது அதிகம்.

அப்படியானால் விருந்தே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. விருந்து ஆட்களைக் கூட்டும், பழைய உறவைப் புதுப்பிக்கும். அதை உறவு வளர்க்கும் செலவாகத் திட்டத்தில் எழுதுங்கள். அங்கே வருகிறவரிடம் மாதச் சந்தா படிவத்தைக் கொடுங்கள். அப்போது விருந்துக்கும் ஒரு நோக்கம் கிடைக்கும்.

மூன்றாம் எண்: திரும்பிவந்தவர் விழுக்காடு. போன வருஷம் கொடுத்தவர் 80 பேர். அவர்களில் இந்த வருஷமும் கொடுத்தவர் 36 பேர். 36 ÷ 80 = 45 விழுக்காடு. அமெரிக்காவில் இதை ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். அங்கேயும் திரும்பி வருபவர் பாதிக்கும் குறைவு. முதல்முறை கொடுத்தவர்களில் திரும்பி வருபவர் அதைவிடக் குறைவு. புதியவரைத் தேடி அலைவதைவிட, கொடுத்தவரை விட்டுவிடாமல் இருப்பது எளிது. இந்த எண் குறைந்துகொண்டே போனால் மக்கள் சொல்லாமல் ஏதோ சொல்கிறார்கள் என்று பொருள்.

5. மொய் நோட்டு நமக்குப் புதிதல்ல

“இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குங்க, நமக்கு எதுக்கு?” என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டுக் கல்யாண மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். யார் கொடுத்தார், எவ்வளவு, என்றைக்கு என்று இருபது வருஷத்துக்குப் பிறகும் எடுத்துப் பார்க்கிறோம். அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்துத்தான் திரும்பச் செய்கிறோம். பள்ளி நிதிக்கும் அப்படி ஒரு நோட்டு போதும். பெயர், தொடர்பு எண், கொடுத்த தேதி, தொகை, நன்றிக் கடிதம் போன தேதி என்று ஐந்து பத்திகள். செயலாளர் மாறினாலும் நோட்டு மாறக் கூடாது. அது சங்கத்துக்குச் சொந்தம், செயலாளருக்கு அல்ல.

6. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்

வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க, 1947ஆம் ஆண்டின் வீடு, தெரு வசூல் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். மாணவர் கையில் வசூல் அட்டையைக் கொடுத்து அனுப்புமுன் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு. தனிநபருக்கு அது மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. தொழிற்பேட்டை நிறுவனங்களை அணுகினால், அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. உங்கள் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். இல்லையென்றால் இருப்பதுபோல் பேசிவிடாதீர்கள்.

7. தேர்வு மாணவர்களுக்கு

செயலறிக்கையோ கருத்து விளக்கக் கட்டுரையோ எழுதும்போது, “நிகழ்ச்சி இனிதே நடந்தேறியது, பலர் தாராளமாக நன்கொடை வழங்கினர்” என்று முடிப்பவர்கள் பலர். அந்த வரியில் தகவல் எதுவும் இல்லை. நோக்கம், இலக்கு, வரவு, செலவு, நிகரத் தொகை, அடுத்த ஆண்டுக்கான பரிந்துரை என்ற வரிசையில் எழுதிப் பாருங்கள். கருத்துக்குச் சான்றாகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆண்டோடு குறிப்பிடலாம். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்ற பழமொழி இங்கே சரியாகப் பொருந்தும். ஆனால் துளி வீணாக வழிந்து போகாமல் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டும், அந்தப் பாத்திரம்தான் திட்டம் என்று ஒரு படி மேலே போய் எழுதுங்கள். அது உங்கள் சொந்தக் கருத்தாகத் தெரியும்.

பயிற்சி:

அ) உங்கள் பள்ளி உணவு விழாவில் கூப்பன் வரவு 12,000 வெள்ளி, செலவு 5,400 வெள்ளி. நிகரத் தொகையையும் ஒரு வெள்ளிக்கு ஆன செலவையும் கண்டுபிடித்து, ஒரு பத்தியில் விளக்குக.
ஆ) ‘பெரிய நன்கொடையைவிடத் தொடர்ந்து வரும் சிறு நன்கொடையே ஒரு பள்ளிக்குப் பயன் தரும்.’ இக்கருத்தை ஒட்டியோ வெட்டியோ எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மண்டபத்தைப் பற்றிப் பேசுமுன், போன நிகழ்ச்சியின் மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வையுங்கள். நல்லதோ கெட்டதோ, அது உங்கள் ஒப்பளவு. அடுத்த வருஷம் அதைவிட ஒரு படி ஏறினால் போதும்.